இருபது வயதின் வாசலில்

பிள்ளை வளர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாத பெற்றோர் இல்லை. முதற்பல் முளைத்தால் மகிழ்கிறோம். உயரம் கூடினால் சுவரில் கோடிட்டுக் காட்டுகிறோம். ஒவ்வொரு பிறந்த நாளையும் கொண்டாடுகிறோம். வளர்ச்சி என்றாலே அது நன்மை என்பது நம் அனைவரின் முடிவு. ஆனால் வளர்கின்றவர்களின் உள்ளத்தில் அம்முடிவை ஏற்கத் தயங்கும் ஓர் அச்சமும் உண்டு. அந்த அச்சம் பெரும்பாலும் பேச்சில் வெளிப்படுவதில்லை, பாட்டில் வெளிப்படுகிறது. இதனை நாம் காலம் தாழ்த்தியே அறிந்தோம்.

அறியச் செய்தவர் ஓர் இளைஞர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில் அவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். மறுநாள் அவருக்கு இருபதாம் பிறந்த நாள். ஆசி பெற வந்திருக்கிறார் என எண்ணினோம். அவரோ தம் கைப்பேசியில் ஓர் ஆங்கிலப் பாடலை ஒலிக்கச் செய்து, அதன் பொருளையும் எடுத்துரைத்துவிட்டு, "ஃபாதர், நல்ல காலம் எல்லாம் இத்தோடு முடிந்தது என்று இந்தப் பாட்டு சொல்கிறது. அது உண்மையா?" என்று கேட்டார். நாம் சிரித்தோம். "தம்பி, இருபது வயதில் கிழவரைப் போலப் பேசலாமா? வாழ்க்கை இனிமேல்தானே தொடங்குகிறது!" என்று முதுகில் தட்டி, ஆசி வழங்கி அனுப்பினோம். அவர் நன்றி கூறிச் சென்றார். முகத்தில் மட்டும் தெளிவில்லை. அவருடைய கேள்விக்கு நாம் விடை தரவில்லை, கேள்வியை மூடிவிட்டோம் என்பதை அன்றிரவே உணர்ந்தோம். பின்னர் அந்தப் பாடலைத் தேடிக் கேட்டோம். அதற்கு மறுமொழியாக வேறொரு பாடல் பிறந்த செய்தியையும் அறிந்தோம். அவ்விரு பாடல்களின் வரலாறு நமக்குப் பாடமாயிற்று. அதனையே இங்கு வாசகரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

சர்க்கரை மலை

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையில் ஃபோர்ட் வில்லியம் என்றொரு நகரம் இருந்தது. 1970இல் அது அண்டை நகரோடு இணைக்கப்பட்டு, இன்று தண்டர் பே என வழங்குகிறது. அந்நகரின் விடுதி அறை ஒன்றில், 1964 நவம்பர் 12 அன்று, தம் 19ஆம் பிறந்த நாளில், நீல் யங் என்ற இளைஞர் ஒரு பாடல் எழுதினார். அதன் பெயர் 'சுகர் மவுண்டன்', அதாவது சர்க்கரை மலை. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பாடகரான அவர் அன்று யாரும் அறியாதவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, நண்பர்களோடு ஓர் இசைக்குழுவை நடத்தி வந்தார். அக்காலத்தில் குழுவினரின் பயணத்திற்கென அவர் வைத்திருந்த வாகனம் ஒரு பழைய சவ வண்டி. இளமையின் இசைக்கருவிகள் இறந்தோரைச் சுமந்த வண்டியில் ஊர் ஊராகச் சென்றன.

பாடலில் வரும் சர்க்கரை மலை ஒரு திருவிழாத் திடலைப் போன்றது. கூவி விற்போரின் குரல், வண்ணப் பலூன்கள், நண்பர் கூட்டம், பெற்றோரின் அருகாமை என இனியவை அனைத்தும் அங்கே உண்டு. ஆனால் அத்திடலுக்கு ஒரு விதி இருக்கிறது. இருபது வயதை எட்டியவருக்கு அங்கே இடமில்லை. அதன் வாயிலில் நின்று திரும்பித் திரும்பிப் பார்க்கும் ஒருவனின் பதற்றமே பாடலின் உட்கிடை.

இவ்வச்சத்தைச் சற்று உற்றுநோக்குவோம். இது உழைப்புக்கு அஞ்சும் சோம்பல் அன்று. பள்ளியை விட்டு, குளிர் மிகுந்த வட நகரங்களில் பாடிப் பிழைத்த ஒருவரைச் சோம்பேறி என்று சொல்ல இயலாது. இது சாவுக்கு அஞ்சும் அச்சமும் அன்று. தான் செய்யாத குற்றத்திற்காகத் தன் இன்ப இல்லத்திலிருந்து வெளியேற்றப்படுகிறோம் என்ற திகைப்பே இது. ஏதேன் தோட்டத்திலிருந்து ஆதாம் வெளியேற்றப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. இருபதை எட்டும் இளைஞர் செய்த பிழை என்ன? நாள்காட்டியில் ஒரு தாள் கிழிக்கப்பட்டது, அவ்வளவே.

மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நீல் யங்கின் இளமை உண்மையில் சர்க்கரை மலையாக இருந்ததா? 1951இல், ஐந்து வயதில், அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அந்நோய்க்கான தடுப்பூசி பயன்பாட்டிற்கு வந்தது 1955இல்தான். பின்னர் பெற்றோர் பிரிந்தனர். அவர் தாயோடு வின்னிபெக் நகருக்குக் குடிபெயர்ந்தார். எனவே அவர் ஏங்கிப் பாடிய மலை, அவர் வாழ்ந்த இளமையா, வாழக் கிடைக்காமற்போன இளமையா என்ற ஐயம் நமக்கு எழுகிறது. இழந்ததற்காக அழுவது ஒரு துயரம். முழுமையாகக் கிடைக்கும் முன்பே காலம் முடிந்துவிட்டதே என்று அழுவது அதனினும் பெரிய துயரம். வளர அஞ்சும் பிள்ளைகள் அனைவரும் செல்லமாக வளர்ந்தவர்கள் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அவர்களுள் பலர் குழந்தைப் பருவத்தைக் குறையாகப் பெற்றவர்கள். கணக்கு முடிக்கப்படாமலே கதவு சாத்தப்படுகிறதே என்று கலங்குபவர்கள்.

இப்பாடல் ஒலிப்பதிவான இடமும் குறிப்பிடத்தக்கது. 1968 நவம்பரில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில், கேன்டர்பரி ஹவுஸ் என்ற இல்லத்தில் அவர் பாடியபோது அது பதிவு செய்யப்பட்டது. மறு ஆண்டில் ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில் வெளிவந்தது. அந்த இல்லம் எபிஸ்கோப்பல் திருச்சபையார் பல்கலைக்கழக மாணவர்களுக்காக நடத்திய பணியகம். நம் பிரிந்த சகோதரர்களின் இல்லம் ஒன்று அந்த அச்சத்திற்கு மேடை அமைத்துக் கொடுத்து, அமைதியாக அமர்ந்து கேட்டது. நாமோ பங்கு இல்லத்தின் வாசலிலேயே சிரித்து அனுப்பிவிட்டோம்.

சுற்றும் ராட்டினம்

1965இல், வின்னிபெக் நகரில் நீல் யங்கைச் சந்தித்தவர்களுள் ஜோனி மிட்செல் என்ற பாடகியும் ஒருவர். ஆல்பர்ட்டா மாகாணத்தில் 1943 நவம்பர் 7 அன்று பிறந்தவர். அவரைவிட இரண்டே வயது மூத்தவர். வியப்புக்குரிய ஓர் ஒற்றுமை, இவரையும் இளம்பிள்ளை வாதம் தாக்கியிருந்தது. ஒன்பது வயதில் சாஸ்கட்டூன் நகர மருத்துவமனையில் படுத்துக்கிடந்த நாட்களில், கிறிஸ்து பிறப்புப் பாடல்களை உரத்த குரலில் பாடியதைப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். பிறகு முயன்று மீண்டும் நடக்கக் கற்றுக்கொண்டார்.

'சுகர் மவுண்டன்' பாடலைக் கேட்ட அவர், 1966இல் அதற்கு மறுமொழியாக 'தி சர்க்கிள் கேம்', அதாவது வட்ட விளையாட்டு என்ற பாடலை இயற்றினார். முதலில் வேறு பாடகர்கள் அதனைப் பாடி இசைத்தட்டாக வெளியிட்டனர். 1970இல் அவரே தம் குரலில் வெளியிட்டார்.

அப்பாடலில் ஒரு சிறுவன் வளர்கிறான். வியப்போடு வெளியுலகைக் காணும் குழந்தையாக, பின்னர் பத்து வயதினனாக, பதினாறு வயதினனாக, இறுதியில் இருபது வயதினனாக நம் கண்முன் நிற்கிறான். அவனுடைய வயது பருவங்களின் சுற்றுகளால் கணக்கிடப்படுகிறது. பாடலின் நடுவே குதிரை ராட்டினம் ஒன்று சுழல்கிறது. மரக்குதிரைகள் ஏறியும் இறங்கியும் சுற்றி வருகின்றன. காலம் என்ற அந்த ராட்டினத்தில் அமர்ந்தவர் பின்னோக்கிச் செல்ல முடியாது. திரும்பிப் பார்க்க மட்டுமே முடியும்.

இரு பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று விளங்கும். இரண்டின் களமும் திருவிழாத் திடலே. ஒருவர் அதன் வெளிவாயிலில் நின்று அழுகிறார். மற்றவர் அவரை வெளியே வரச் சொல்லி அதட்டவில்லை. உள்ளேயே இருந்துவிடலாம் என்று பொய்யும் சொல்லவில்லை. 'வா, இந்த ராட்டினத்தையும் பார்' என்று அழைத்துச் செல்கிறார். இழப்பை அவர் மறுக்கவே இல்லை. இருபது வயதில் கனவுகள் சற்று மங்கிவிட்டன என்பதையும் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் சுற்று நிற்கவில்லை, புதிய கனவுகளுக்கு இன்னும் இடம் உண்டு என்பதே அவர் தரும் ஆறுதல்.

நாம் அந்த இளைஞருக்குச் சொன்னதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. 'வாழ்க்கை இனிமேல்தானே தொடங்குகிறது' என்றோம். அப்படியானால் அதுவரை அவர் வாழ்ந்த இருபது ஆண்டுகள் வாழ்க்கை இல்லையா? நம்மை அறியாமலே அவருடைய குழந்தைப் பருவத்தை வெறும் முன்னுரை ஆக்கிவிட்டோம். ஜோனி மிட்செல் அவ்வாறு செய்யவில்லை. குழந்தைப் பருவத்தையும், பத்து வயதையும், பதினாறு வயதையும் தனித்தனியே போற்றிய பின்னரே இருபதுக்கு வந்தார். கடந்துபோனதை மதிக்கத் தெரிந்தவரின் வாயிலிருந்து வரும்போதுதான் எதிர்காலத்தைப் பற்றிய சொல் நம்பத்தக்கதாகிறது.

கையில் இல்லாத ஆறுதல்

இவ்விடத்தில் ஓர் அறக்கேள்வி எழுகிறது. அப்பாடலை எழுதியபோது ஜோனி மிட்செலின் நிலை என்ன? 1965 பிப்ரவரியில், வறுமையிலும் தனிமையிலும், மணமாகாத நிலையில், அவர் ஒரு பெண் குழந்தையைப் பெற்றெடுத்தார். வளர்க்க வழியின்றி அக்குழந்தையைத் தத்துக்கொடுக்க நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 21. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகம் அச்செய்தியை அறியவில்லை. 1997இல்தான் தாயும் மகளும் சந்தித்தனர். வயதுவந்தோர் உலகம் எத்துணைக் கடுமையானது என்பதை அவர் அறியாதவர் அல்லர். அறிந்து, அவ்வறிவை நெஞ்சில் மறைத்துக்கொண்டுதான் அந்தப் பாடலை எழுதினார்.

அப்படியானால், தன்னிடம் நிறைவாக இல்லாத ஆறுதலை ஒருவர் பிறருக்கு வழங்கலாமா? அது நேர்மையாகுமா? ஆறுதல் கூறுவதையே பணியாகக் கொண்ட நம்மைப் போன்றோருக்கு இக்கேள்வி நெஞ்சைத் தைப்பது. இறந்த வீட்டிலும் நோயாளியின் படுக்கையருகிலும் நின்று நாம் கூறும் சொற்கள் எல்லாம் நம் உள்ளத்தில் எப்போதும் உறுதியாக நிற்பவை என்று சொல்லத் துணிவோமா?

இதற்கான விடை ஜோனி மிட்செல் பின்னாளில் மேடையில் அளித்த விளக்கத்தில் இருக்கிறது. நண்பர் வயது வரம்பைக் கடந்ததால், இளையோர் கூடும் தம் விருப்பமான மன்றத்தில் நுழைய இயலாமல் வருந்தினார் என்றும், அந்த வயதுக்குப் பின் ஒன்றுமே இல்லை என்றால் எதிர்காலம் இருண்டதாக இருக்குமே என்று தாம் எண்ணியதாகவும், எனவே அவருக்காகவும், நம்பிக்கை பெறும்பொருட்டுத் தமக்காகவும் அப்பாடலை எழுதியதாகவும் அவர் கூறினார். தமக்காகவும் என்ற அச்சொல்லே திறவுகோல். மேட்டில் நின்று பள்ளத்தில் இருப்பவருக்கு எறியப்படும் ஆறுதல் பாசாங்காகலாம். அதே பள்ளத்தில் அருகில் அமர்ந்து, இருவருக்குமாகத் தேடப்படும் ஆறுதலில் பாசாங்கு இல்லை. அவர் தம்மிடம் இருந்ததைக் கொடுத்தார் என்பதைவிட, தமக்கும் தேவைப்பட்டதை நண்பரோடு பகிர்ந்தார் என்பதே பொருந்தும். நாம் அந்த இளைஞரிடம் சிரித்ததற்குக் காரணமும் இப்போது புரிகிறது. ஐம்பதைக் கடந்த நமக்கும் அவருடைய அச்சம் இருந்தது. அதனை ஒப்புக்கொள்ள மனமின்றிச் சிரிப்பால் மறைத்தோம்.

பாட்டும் காலமும்

ஆறுதலின் நேர்மையை ஒப்புக்கொண்டாலும், அதன் உண்மை இன்னும் மீதியாக நிற்கிறது. காலம் வெறும் ராட்டினமா? பருவங்கள் திரும்பி வருகின்றன. நாம் திரும்பி வருவதில்லை. திருவழிபாட்டு ஆண்டும் சுற்றி வருகிறது. ஆனால் சென்ற திருவருகைக் காலத்தில் நம்மோடு மெழுகுதிரி ஏற்றியவர் இவ்வாண்டு இல்லாமற்போகலாம். வட்டம் மட்டுமே இறுதி விடை என்றால், மங்கிய கனவுக்குப் பதில் புதிய கனவு, அதுவும் மங்கியபின் மற்றொன்று என்று சுற்றிக்கொண்டேயிருக்க வேண்டியதுதான்.

குருமடத்தில் நாம் படித்த புனித அகுஸ்தீனாரின் 'ஒப்புதல்கள்' இங்கே கைகொடுக்கிறது. ஏறத்தாழ 397க்கும் 400க்கும் இடையே, நாற்பதைக் கடந்த ஆயராக அவர் எழுதிய நூல் அது. அதன் முதற்பகுதியில் அவர், தம் மழலைப் பருவம் எங்கே போயிற்று என்று வியக்கிறார். அது எங்கும் புறப்பட்டுப் போகவில்லை. ஆனாலும் இப்போது இல்லை. நான்காம் பகுதியில், இளமையில் உயிர்த்தோழர் ஒருவரை இழந்து, சொந்த ஊரே தாங்க முடியாததாகி வெளியேறிய துயரத்தை விவரிக்கும்போது, ஓர் ஒப்புமை தருகிறார். நாம் பேசும் சொற்றொடரில் ஒவ்வோர் அசையும் ஒலித்து மறைந்தால்தான் அடுத்த அசைக்கு இடம் கிடைக்கும். அப்போதுதான் சொற்றொடர் முழுமை அடையும். பதினோராம் பகுதியில், மனப்பாடமான ஒரு பாடலைப் பாடுவதை எடுத்துக்காட்டி, எதிர்பார்ப்பில் இருந்தது சிறிது சிறிதாக நினைவுக்குள் செல்வதை விளக்கி, மனிதனின் முழு வாழ்வும் அவ்வாறே என்கிறார்.

இது பாடல் கேட்கும் எவருக்கும் விளங்கும் உண்மை. முதல் சுரம் எவ்வளவு இனியதாயினும் அதனையே பிடித்து நிறுத்தினால் பாட்டு இல்லை. ஓசை மட்டுமே மிஞ்சும். வளர மறுக்கும் உள்ளம் முதல் சுரத்தைப் பிடித்து நிறுத்த விரும்புகிறது. ஆனால் முதல் சுரத்தை இழந்தும் நாம் பாட்டை இழப்பதில்லை. இரண்டாம் சுரம் ஒலிக்கும்போது முதலாவது நம் நினைவில் நின்று அதற்குப் பொருள் தருகிறது. நீல் யங்கின் வாழ்வே இதற்குச் சான்று. 1978இல், தம் 32ஆம் வயதில், மாபெரும் ஒலிபெருக்கிகளின் உருவங்களை மேடையில் அமைத்து, அவற்றின் நடுவே தாம் ஒரு சிறுவனைப் போலத் தோன்றும்படி செய்து, அதே பாடலோடு நிகழ்ச்சியைத் தொடங்கினார். வளர மாட்டேன் என்ற பாடல் வளர்ந்தவரின் குரலில் ஒலித்தபோது அதன் பொருள் ஆழமாயிற்று. பத்தொன்பதில் அது பதற்றம். முப்பத்திரண்டில் அது நினைவு. மலையிலிருந்து இறங்கியவரால்தான் மலையைப் பற்றி அவ்வாறு பாட முடியும்.

பாட்டு முழுவதையும் முதலிலிருந்து இறுதி வரை ஒருசேரக் கேட்பவர் ஒருவர் உண்டு என்பது நம் நம்பிக்கை. நம் நினைவு மறதிக்கு உட்பட்டது. அவருடைய நினைவு அவ்வாறன்று. நான்கு வயதில் நாம் கண்ட தும்பியும் அவரிடம் தொலைந்துபோவதில்லை. ராட்டினத்தின் ஆறுதலை மறுக்க நமக்கு மனமில்லை. அது போய்ச் சேரும் இடம் ஒன்று உண்டு என்று சேர்த்துச் சொல்லவே விரும்புகிறோம்.

பெற்றோர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பன்னிரண்டு வயது இயேசுவை மூன்று நாள் தேடிக் கோவிலில் கண்டபோது, மரியா தம் மகனின் மறுமொழியைப் புரிந்துகொள்ளவில்லை என்று லூக்கா எழுதுகிறார். புரியாததை அவர் அதட்டி அடக்கவில்லை. சிரித்துத் தள்ளவும் இல்லை. உள்ளத்தில் வைத்துக் காத்தார். பிள்ளையின் வளர்ச்சி பெற்றோருக்கும் ஓர் இழப்பே. இருவரும் தத்தம் இழப்பை மறைத்துக்கொண்டு ஒரே வீட்டில் வாழ்வதைவிட, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது நலம்.

ஜோனி மிட்செலின் கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. 2015இல் மூளையில் ஏற்பட்ட இரத்தக்குழாய் வீக்கத்தால் நடையும் பேச்சும் இழந்தார். குழந்தையாக ஒருமுறை, ஒன்பது வயதில் ஒருமுறை நடக்கக் கற்றவர், எழுபதைக் கடந்தபின் மூன்றாம் முறையாகக் கற்கத் தொடங்கினார். 2022 ஜூலையில், 78ஆம் வயதில், நியூபோர்ட் நகரின் இசைவிழாவில் இளைய பாடகர்கள் சூழ அவர் அமர்ந்து பாடினார். நிறைவுப் பாடலாக ஒலித்தது 'தி சர்க்கிள் கேம்'. முதுமையில் வேறொருவர் நம் இடுப்பைக் கட்டி அழைத்துச் செல்வார் என்று பேதுருவுக்குச் சொல்லப்பட்டது நம் நினைவுக்கு வந்தது. 22 வயதில் நண்பருக்காகவும் தமக்காகவும் கடன்வாங்கிய நம்பிக்கையை, அவருடைய வாழ்வு மெல்ல மெல்ல அடைத்து முடித்திருந்தது.

அந்த இளைஞர் இப்போது வெளியூரில் பணிபுரிகிறார். சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஊர் வந்தபோது, "தம்பி, அன்று கேட்ட கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள்" என்றோம். "அதெல்லாம் பழைய கதை, ஃபாதர்" என்று அவர் சிரித்தார். இம்முறை நாம் சிரிக்கவில்லை. "நீங்கள் சொன்னது உண்மைதான். அன்று ஒரு கதவு மூடியது. எனக்கும் மூடியிருக்கிறது. உட்காருங்கள், பேசலாம்" என்றோம். அவருடைய சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.